33-வது மாடியில் குடியேறிய பெண் ராஜாளி!
6 வருஷம் காத்திருந்து குஞ்சு பொரித்த கதை

கீழே கார்களும் பஸ்களும் ஓடுகின்றன. ஆபீஸ் விட்டு ஜனங்கள் போகிறார்கள். 33-வது மாடியின் விளிம்பில் ஒரு பறவை உட்கார்ந்து கீழே பார்த்துக் கொண்டிருக்கிறது. அதன் காலடியில் புறா இறகுகள், எலும்புத் துண்டுகள்.

இந்த வீட்டுக்கு வாடகை கிடையாது. அட்வான்சும் கிடையாது!

அமெரிக்காவில் பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில் 1978-ம் ஆண்டில் ஆரம்பித்த சங்கதி இது. அங்கே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் 40 மாடிக் கட்டிடம். அதில்தான் இந்தப் பெண் ராஜாளி வந்து குடியேறியது. அதற்கு "ஸ்கார்லெட்" என்று பெயர் வைத்தார்கள். புகழ்பெற்ற அமெரிக்க நாவல் ஒன்றின் கதாநாயகி பெயர் அது.

அந்த நாவலில் வரும் கதாநாயகி பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்த ஸ்கார்லெட் பட்ட பாடும் அதற்குக் குறைந்ததல்ல.

இதுபற்றிய விவரம் வருமாறு:

காக்கை அளவுதான்!

ராஜாளி என்றதும் ஏதோ பெரிய கழுகு என்று நினைத்துவிடக் கூடாது. ஆண் ராஜாளி ஏறக்குறைய காக்கை அளவுதான் இருக்கும். பெண் அதைவிடப் பெரியது. ராஜாளி வீட்டில் பெண்டாட்டிதான் பலசாலி!

தமிழில் இதற்குப் பைரி என்றும் பெயர் உண்டு. முதுகு கருநீலச் சாம்பல். வயிற்றில் குறுக்குக் குறுக்காகக் கோடு. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கரியால் தீட்டியது போல் கறுப்பு மீசை. இந்த மீசைதான் அடையாளம்.

அண்டார்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு. விஞ்ஞானிகள் 1771-ம் ஆண்டு இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு "ஊர் சுற்றி" என்று அர்த்தம்.

அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமான தளத்துக்கு ராஜாளி என்றுதான் பெயர். 1992-ம் ஆண்டு வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர் என்பது, இந்தப் பறவை பறக்கும் லட்சணத்தைப் பார்த்தால் தெரியும்.

ஒரே பாய்ச்சல்

சாதாரணமாகப் பறக்கும்போது ராஜாளியின் வேகம் மணிக்கு 60 முதல் 90 கிலோமீட்டர். இதில் பெரிய அதிசயம் இல்லை. பந்தயப் புறாவே இந்த வேகத்தில் பறக்கும்.

ஆனால் உயரே போய், கீழே பறக்கும் புறாவைக் குறி வைத்து, இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தால் கதையே வேறு. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். 1999-ம் ஆண்டு அமெரிக்காவில் பழக்கப்பட்ட ஒரு ராஜாளியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், மேலே இருந்து பாயவிட்டு அளந்தார்கள். வேகம் மணிக்கு 389 கிலோமீட்டர்! உலகத்தில் இதைவிட வேகமான பிராணி கிடையாது.

அந்த வேகத்தில் காற்று மூக்கில் புகுந்தால் மூச்சு முட்டிப் போகாதா? போகாது. மூக்குத் துவாரத்துக்குள்ளே சின்ன எலும்பு முளை ஒன்று இருக்கிறது. காற்றின் வேகத்தை அது தணித்து அனுப்புகிறது. கண்ணுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அது கண்ணாடி போல் மூடித் திறந்து, தூசியைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.

பாய்ந்து வரும் ராஜாளி காலால் ஒரே அடி அடிக்கும். ஆகாயத்தில் இறகு பறக்கும். அந்த அடியிலேயே பெரும்பாலும் புறா முடிந்துவிடும். முடியாவிட்டால், அலகில் இருக்கும் பல் போன்ற முனையால் கழுத்து எலும்பைக் கடித்து முறித்துவிடும். புறா, மைனா, கிளி, வாத்து, கொக்கு வகைகள், வௌவால் என்று பறப்பது எதுவும் தப்பாது.

ஆனால் பாய்ந்த தடவை எல்லாம் பிடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பல தடவை தோல்விதான். இளம் ராஜாளிகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதே கஷ்டம். பாதிக்கு மேல் செத்துப் போகின்றன.

சுட்டுத் தள்ள உத்தரவு

இப்படிப்பட்ட வேட்டைக்காரனையே வேட்டையாடியது மனிதன்தான்.

இரண்டாவது உலகப்போர் சமயம். கடலில் விழுந்துவிட்ட விமானத்திலிருந்து செய்தி கொண்டுவர, பிரிட்டிஷ் விமானப்படை புறாக்களை வைத்திருந்தது. 1942-ம் ஆண்டு வட கடலில் விழுந்த ஒரு விமானத்தின் வீரர்கள், "விங்கி" என்ற புறா கரைக்குத் திரும்பியதால் உயிர் தப்பினார்கள். அந்தப் புறாவுக்கு மெடலே கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட புறாவை வழியில் ராஜாளி அடித்துவிட்டால் என்ன ஆகும்?

1940-ம் ஆண்டு சர்க்கார் உத்தரவு போட்டது. கடற்கரைப் பாறைகளில் இருந்த ராஜாளிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். முட்டைகளை உடைத்தார்கள். குஞ்சுகளையும் விடவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 600 ராஜாளிகள் காலி.

போர் முடிந்ததும் உத்தரவும் போயிற்று. ராஜாளிகள் மறுபடி தலை எடுத்தன. துப்பாக்கிக்குத் தப்பிய பறவை அது. ஆனால் அடுத்து வந்த எதிரியிடம் துப்பாக்கி இல்லை.

புகார் கொடுத்தவர்கள் திகைப்பு

1960-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் சர்க்காரிடம் புகார் கொடுத்தார்கள். ராஜாளிகள் பெருத்துவிட்டன, எங்கள் புறாக்களைத் தூக்கிக்கொண்டு போகின்றன, இவற்றுக்குப் பாதுகாப்பு எதற்கு என்பது அவர்கள் கட்சி.

புகார் வந்தால் விசாரணை நடக்க வேண்டும் அல்லவா? 1961-ம் ஆண்டு விசாரணை ஆரம்பித்தது. பொறுப்பு டெரிக் ராட்கிளிப் என்ற விஞ்ஞானியிடம் வந்தது. நாடு முழுவதும் பாறை பாறையாக ஏறிக் கணக்கெடுத்தார்கள்.

கணக்கைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ராஜாளி பெருகவில்லை. அழிந்து கொண்டிருந்தது! தெற்கு இங்கிலாந்தில் பாறைகள் காலியாகக் கிடந்தன. 1963-ம் ஆண்டுக்குள் போருக்கு முன்பு இருந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை.

யாரை ஒழிக்கச் சொல்லி மனுப் போட்டார்களோ, அந்தப் பறவை சாகக் கிடந்த விஷயம் அந்த மனுவால்தான் வெளியே வந்தது.

முட்டை சொன்ன சாட்சி

கொன்றது யார்? குண்டு பட்ட காயம் இல்லை. பொறி வைத்த அடையாளம் இல்லை. ஆனால் கூட்டில் முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரம் தாங்காமல் உடைந்த முட்டைகள் அவை.

ராட்கிளிப்புக்கு ஒரு சந்தேகம் வந்தது. முட்டை ஓடு மெலிந்துவிட்டதோ?

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முட்டை வேண்டும். அதற்கும் ஆள் இருந்தார்கள். பறவைக் கூட்டில் கை வைத்து முட்டை எடுத்து, ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, தேதி எழுதிப் பெட்டியில் அடுக்கி வைக்கும் பைத்தியம் அந்நாளில் பிரிட்டனில் பல பேருக்கு இருந்தது. அந்தப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு ஓடாக எடை போட்டு அளந்தார்கள்.

உண்மை வெளியே வந்தது. 1940-களின் கடைசி வரை ஓடு கெட்டியாக இருந்தது. அதற்குப் பிறகு திடீரென்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது. 1967-ம் ஆண்டு இந்தக் கண்டுபிடிப்பு அச்சில் வந்தது.

பறவையின் முட்டையைக் கொண்டுபோனவன் பெட்டியே பறவைக்காகச் சாட்சி சொன்னது!

குற்றவாளி டி.டி.டி.

1940-களின் கடைசியில் புதிதாக வந்தது என்ன? டி.டி.டி. பூச்சிமருந்து!

டி.டி.டி.யைத் தெரியாதவர் யார்? கொசுவை ஒழிக்க வீட்டுக்கு வீடு அடித்த மருந்து. மலேரியாவிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. அதை வயலுக்கும் தோட்டத்துக்கும் கணக்கு வழக்கில்லாமல் கொட்டியபோதுதான் வினை வந்தது.

வயலில் அடித்த மருந்து பூச்சியில் ஏறும், தானியத்தில் ஏறும். அதைத் தின்ற சின்னப் பறவையின் கொழுப்பில் போய்த் தங்கும். கரையாது, போகாது. அப்படி நூறு பறவையைத் தின்ற ராஜாளியின் உடம்பில் நூறு பறவையின் விஷமும் சேர்ந்துவிடும்.

அந்த விஷம் தாய்ப் பறவையைச் சட்டென்று கொல்லாது. முட்டைக்கு ஓடு கட்டும் இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் தடுக்கும். முட்டை இடும். உட்காரும். நசுங்கும். அடுத்த வருஷமும் அதே கதை. வாரிசு இல்லாமல் வம்சமே அடங்கிப் போகும். "டீல்ட்ரின்" என்ற இன்னொரு மருந்து, பெரிய பறவைகளையே நேராகக் கொன்றது.

அமெரிக்காவில் கதை இன்னும் மோசம். 1964-ம் ஆண்டு கிழக்குப் பகுதியில் பழைய கூடுகளை எல்லாம் தேடிப் போனார்கள். ஒரு ஜோடிகூட இல்லை. கூண்டோடு காலி!

1962-ம் ஆண்டு ரேச்சல் கார்சன் என்ற பெண்மணி எழுதிய புத்தகம் டி.டி.டி.க்கு எதிராக ஏற்கெனவே கிளர்ச்சியைக் கிளப்பியிருந்தது. வழக்கு, விசாரணை, வாதம் எல்லாம் நடந்து, 1972-ம் ஆண்டு அமெரிக்காவில் பயிருக்கு டி.டி.டி. அடிக்கத் தடை வந்தது.

கூண்டில் பிறந்த குஞ்சுகள்

தடை வந்துவிட்டது. ஆனால் பறவை?

டாம் கேட் என்ற பேராசிரியர் 1970-ம் ஆண்டே வேலையை ஆரம்பித்துவிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராஜாளிகளைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். முடியவே முடியாது என்று பலர் சொன்ன காரியம் அது.

குஞ்சுகளை அப்படியே பறக்க விட முடியாது. உயரமான கோபுரத்தில் பெட்டி வைத்து, குஞ்சுகளை அதில் விட்டு, ஆள் கண்ணில் படாமல் இரை போட்டார்கள். ஆளைக் கண்டு பழகிவிட்டால் பிறகு காட்டுப் பறவையாக ஆகாதே! இறக்கை முளைத்ததும் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். குஞ்சுகள் தானே வேட்டை கற்றுக் கொண்டன.

அப்படி விடப்பட்ட குஞ்சுகளில் ஒன்றுதான் ஸ்கார்லெட்.

காட்டை விட்டு மாடிக்கு!

பாறைக்குப் போகும் என்று எதிர்பார்த்தார்கள். அது நேராக நகரத்துக்கு வந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ராஜாளி குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்துப் பாறையில் ஒரு திட்டைப் பார்த்து, சரளையைக் காலால் கிளறிப் பள்ளம் பண்ணி, 3 அல்லது 4 முட்டை இடும். மனிதன் கட்டிய அடுக்கு மாடி அதன் கண்ணுக்கு ஒரு பாறை. சாப்பாட்டுக்கும் பஞ்சம் இல்லை. எந்த நகரத்தில் புறா இல்லை?

கட்டிடக்காரர்கள் விரட்டவில்லை. விளிம்பில் சரளைக் கல் போட்டு இடம் பண்ணிக் கொடுத்தார்கள்.

ஸ்கார்லெட்டுக்கு இருந்த ஒரே குறை ஜோடி இல்லாததுதான். கிழக்குப் பகுதியில் ராஜாளியே அற்றுப் போயிருந்ததே, மாப்பிள்ளை எங்கிருந்து வரும்? விஞ்ஞானிகளே பெண் வீட்டுக்காரர்கள் மாதிரி அலைந்து ஆண் ராஜாளிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

ஸ்கார்லெட் முட்டை இட்டது. முட்டை பொரியவில்லை. ஆனாலும் விடாமல் அடைகாத்தது.

இரக்கப்பட்டவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்த முட்டையை எடுத்துவிட்டு, கூண்டில் பிறந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்கார்லெட் யோசிக்கவே இல்லை. புறாவை அடித்துக் கொண்டுவந்து, கிழித்து, கிழித்து ஊட்டியது. தான் பெறாத பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அனுப்பியது.

விஷம் தின்ற புறா

ஜோடியாக வந்தவற்றில் ஒன்றுக்கு "ரெட்" என்று பெயர். அதே நாவலின் கதாநாயகன் பெயர்தான். ஸ்கார்லெட்டும் ரெட்டும் சேர்ந்து குஞ்சுகளை வளர்த்தன. ஜோடி சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. ரெட் செத்துப் போயிற்று. சோதித்துப் பார்த்ததில் வயிற்றில் இருந்தது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம். எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே விஷம்தான். புறாத் தொல்லை என்று அந்த நகரங்களில் விஷம் வைப்பது உண்டு. விஷம் தின்று தள்ளாடும் புறாதான் ராஜாளிக்குச் சுலபமான இரை.

டி.டி.டி. போன பிறகும் விஷம் விடவில்லை. மறுபடி ஸ்கார்லெட் தனி மரம்.

தானாக வந்த மாப்பிள்ளை

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் யாரும் கொண்டுவந்து விடாமல், தானாகவே ஒரு ஆண் ராஜாளி அந்த மாடிக்கு வந்தது. அதற்கு "போரிகார்ட்" என்று பெயர் வைத்தார்கள்.

1984-ம் ஆண்டு ஸ்கார்லெட் மறுபடியும் முட்டை இட்டது. ஆண் இரை கொண்டுவந்தது. ஒரு மாதம் போயிற்று.

முட்டை பொரிந்தது! இந்தத் தடவை யாரும் மாற்றி வைக்கவில்லை. சொந்தக் குஞ்சு!

குடியேறி 6 வருஷத்துக்குப் பிறகு, 33-வது மாடியில் ஸ்கார்லெட் தாயானது. ராஜாளியே இல்லை என்று 20 வருஷத்துக்கு முன்பு எழுதி முடித்த அதே கிழக்குப் பகுதியில்!

அதே வருஷக் கடைசிக்குள் தொண்டையில் வந்த நோயால் ஸ்கார்லெட் செத்துப் போயிற்று. தன் குஞ்சுகள் பறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போயிற்று.

வீடு காலியாகவில்லை. போரிகார்டுக்கு வேறு ஜோடி வந்தது. கட்டிடத்தின் பெயரும் சொந்தக்காரரும் மாறினாலும், அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக ராஜாளிகள் அதே விளிம்பில் குடித்தனம் நடத்தி வந்திருக்கின்றன. இப்போது காமிரா வைத்து ஜனங்கள் வீட்டில் இருந்தே பார்க்கிறார்கள்.

1975-ம் ஆண்டு வட அமெரிக்காவில் தெரிந்த ஜோடிகள் 324-தான். 1999-ம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 1,650. அந்த வருஷம் அமெரிக்க சர்க்கார், அழியும் பிராணிகள் பட்டியலில் இருந்து ராஜாளியை எடுத்தது. பிரிட்டனிலும் 2014-ம் ஆண்டுக் கணக்குப்படி 1,700 ஜோடிகளுக்கு மேல்.

வயிற்றில் கட்டிய 14 முட்டைகள்

ஆபத்து அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை.

2010-ம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் பர்மிங்காம் விமான நிலையம். துபாய் விமானத்துக்குக் காத்திருந்த ஒரு ஆசாமி குளியலறைக்குள் போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தார். தரையில் ஈரமே இல்லை! குளிக்காத ஆளுக்குக் குளியலறையில் என்ன வேலை என்று சந்தேகப்பட்டு அதிகாரிகளிடம் சொன்னார்.

போலீசார் வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பில் காலுறைகளைக் கட்டியிருந்தார். காலுறைக்குள் 14 முட்டைகள். வேல்ஸ் மலைப் பாறையில் கயிறு கட்டி இறங்கித் திருடிய ராஜாளி முட்டைகள்! உடம்புச் சூட்டிலேயே அடைகாத்துக் கொண்டு விமானம் ஏறப் பார்த்திருக்கிறார்.

முதுகு வலிக்கு வைத்தியம் என்று சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஜெயிலுக்குப் போனார். 14 முட்டைகளில் 11 பொரிந்தன. குஞ்சுகளைக் கொண்டுபோய்க் காட்டு ராஜாளிகளின் கூட்டில் வைத்தார்கள்.

நம் ஊருக்கும் வரும்

ராஜாளி நமக்கும் அந்நியன் அல்ல. நெஞ்சு செம்பழுப்பாக இருக்கும் "ஷாஹீன்" என்ற ராஜாளி, மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் குடியிருக்கிறது. இலங்கையில் சிகிரியாப் பாறையிலும் உண்டு. அது தவிர, வடக்கே சைபீரியாவில் பிறந்த ராஜாளிகள், குளிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் ஏரிகளுக்கும் கடற்கரைக்கும் வருகின்றன. டவர், தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இந்தியாவில் பயிருக்கு டி.டி.டி. அடிக்க 1989-ம் ஆண்டு தடை வந்தது. ராஜாளியைப் பிடிப்பதும் விற்பதும், 1972-ம் வருஷத்து வன விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம்.

மாடியில் புறாத் தொல்லை என்று தானியத்தில் விஷம் கலந்து வைக்க நினைப்பவர்கள் ரெட்டின் கதையை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த விஷம் புறாவோடு நிற்காது.

மார்கழி, தை மாதங்களில் உங்கள் தெருப் புறாக்கள் திடீரென்று கூட்டமாகக் கிளம்பி மிரண்டு சுற்றினால், ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். மேலே கறுப்பு மீசையோடு ஒரு விருந்தாளி வந்திருக்கலாம்!